பூச்சுக் கூடத்துக்கு வராத கை

பிப்ரவரி 9

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரைத் தட்டிக் கொட்டி ஓடவைத்துவிட்டு ஆலைக்குப் போனால், இஸ்திரி கூப்பிடுகிறார் என்றார்கள். எங்கள் தலைமை மேலாளரைத்தான் சொல்கிறேன். அவர் சட்டையில் ஒரு கசங்கலை யாரும் பார்த்ததில்லை. அதனால் ஆலை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்.

தலைமை அலுவலகத்துக்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை வேண்டுமாம். ஒரே நிறுவனம், மூன்று நாடுகளில் மூன்று ஆலை. மூன்றிலும் அதே வாஷ்பேசின், அதே டாய்லெட் கோப்பை. மற்ற இரண்டு இடத்திலும் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சைப் பூசுவது இயந்திரக் கை. இங்கே மட்டும் இன்னும் ஆட்கள் நின்று அடிக்கிறார்கள். ஏன் இப்படி என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும். "நீங்கதானே வருஷக்கணக்கா இதையே பேசிட்டிருக்கீங்க, நீங்களே போயிட்டு வாங்க" என்றார். கரடியாகக் கத்தினதற்குக் கிடைத்த கூலி.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை எழுத ஏன் கூச்சமாக இருக்கிறது?

இங்கே எஞ்சினியராகச் சேர்ந்த நாளிலிருந்து பூச்சுக் கூடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன். காய்ந்த மண் பேசின்மேல் தெளிப்புத் துப்பாக்கியால் கிளேஸைப் பீய்ச்சுவார்கள். பாதி பேசினில் படியும், மீதி காற்றில் நிற்கும். நைசாக அரைத்த கல் அது. கடந்து போகிற நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். ஷிப்ட் முழுக்க உள்ளே நிற்கிறவர்கள்?

என் தம்பி உள்ளே நிற்கிறவன்.

பிப்ரவரி 11

தம்பி சாப்பிட வந்தான். விஷயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. சங்கத்தில் இணைச் செயலாளர். ஆலையில் ஈ பறந்தாலும் அவனுக்குத் தகவல் வந்துவிடும்.

தட்டில் கை வைத்ததுமே ஆரம்பித்தான். போய் நன்றாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னான். அந்த மிஷின் வாடகை கட்டுகிறதா, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறதா என்று மறக்காமல் கேட்டுவிட்டு வரச் சொன்னான். நானும் விடவில்லை. நீ இருமுவது அடுத்த தெருவிலிருக்கும் எனக்குக் கேட்கிறது என்றேன்.

"இருமல்தானேக்கா. வேலை போனா வர்ற வியாதிக்கு எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ?"

குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

சில வருஷம் முன்பு ஒரு விற்பனைக்காரர் சோதனைக்காக ஓர் இயந்திரக் கையைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கிளேஸ் கொஞ்சம் கெட்டி. முனை அடைத்துக்கொண்டது. வேறு முனை மாட்டிப் பார்க்கலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இஸ்திரியும் சங்கத்துக்காரர்களும் அன்று சேர்ந்து நின்று சிரித்தார்கள். ஆள் மலிவு என்பதால் நிர்வாகத்துக்கு மிஷின் வேண்டாம். ஆள் போய்விடும் என்பதால் சங்கத்துக்கு வேண்டாம். மற்றதில் எல்லாம் எலியும் பூனையும். இதில் மட்டும் சம்பந்திகள்.

பிப்ரவரி 12

தம்பி மனைவி போன் செய்தாள். "மிஷின் எல்லாம் வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி, இவர் சரியா சாப்பிட மாட்டேங்கிறார்." இருமலைப் பற்றி அவளும் பேசவில்லை.

மார்ச் 4

குளிர் ஆலை. (நானே வைத்த பெயர். அறையைவிட்டு வெளியே வந்தால் பற்கள் தந்தியடிக்கின்றன.)

முதல் அதிர்ச்சி — பூச்சுக் கூடத்தில் நான் வழக்கப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கூட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிடிக்கத் தேவையே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாலு கைகள் பேசினைச் சுற்றிச் சுற்றிப் பூசுகின்றன. வெளியே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தரையில் விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரல் விரலாகவே இருந்தது.

எங்கள் கூடத்தில் தேநீர்க் குவளையின் மேல் ஆடை படியும். பாலாடை இல்லை.

மார்ச் 6

நாற்காலிப் பெண்ணுடன் இரண்டு நாளாகப் பேசுகிறேன், மொழிபெயர்ப்பாளர் வழியாக. தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி. என் வயதுதான் இருக்கும். அவளும் ஒரு காலத்தில் பூச்சுத் துப்பாக்கி பிடித்தவள்.

மிஷின் இங்கே ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு வருஷம் சண்டை. தொழிலாளர் குழு உட்கார்ந்து முதலில் வந்த மிஷினை, கை சுழலும்போது நடைபாதையில் ஆள் மேல் இடிக்கும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டாவதை வைத்தபிறகு பூசுகிறவர்களையே அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஓய்வுபெற்றவர்கள் இடத்தில் புதிதாக யாரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் அப்போது இருந்தவர்களில் பாதிப் பேர்தான் இப்போது.

உங்களையெல்லாம் கேட்டுச் செய்திருக்கிறார்களே, நல்ல நிர்வாகம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பிறகு அவள் சொன்னதை அவர் மொழிபெயர்த்தார்: "நல்ல மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்களைக் கேக்காம செஞ்சா சட்டம் விடாது. தூசி அளவு தாண்டினா ஆலையை மூடணும். வேற வழியில்லாமதான் நல்லவங்களா இருந்தாங்க."

அவள் மதிய உணவில் பாதியை எனக்கு வைத்தாள். எங்கள் கூடத்தின் படத்தைப் போனில் கேட்டாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் தூசி படிந்து வெள்ளையாக நின்றவனைக் காட்டி யார் என்றாள்.

தம்பி என்றேன்.

அவள் படத்தை மறுபடி சிறிதாக்கிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 21

துறைமுகத்தை ஒட்டிய ஆலை. எல்லாமே பெரிது. கேட்டிலிருந்து பூச்சுக் கூடத்துக்கு வண்டியில் கூட்டிப்போனார்கள்.

இங்கே கதை வேறு. நீண்ட விடுமுறைக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் கூடம் முழுக்க இயந்திரக் கைகளை இறக்கி மாட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் கேட்டிலேயே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். அரை வருஷம் எதுவும் சரியாக ஓடவில்லையாம். பூச்சு வழிந்தது, வெடித்தது, சில இடத்தில் விழவே இல்லை. ஆலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் மேலாளர் காட்டினார். உடைந்த பேசின்கள் ஒரு குன்று மாதிரி. மேலே புல் முளைத்திருக்கிறது. "இதுதான் எங்க பள்ளிக்கூடம்" என்றார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. அந்தக் குன்றைப் பார்த்துப் பெருமைப்படுகிறார். எங்கள் இஸ்திரியாக இருந்தால் முதல் பேசின் உடைந்த அன்றே மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் அப்பவே சொன்னேனே என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

இப்போது எங்களைப்போல மூன்று மடங்கு உற்பத்தி. காற்று சுத்தம்.

பூசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கே என்றேன். "போயிட்டாங்க" என்றார், மழை நின்றுவிட்டது என்கிற மாதிரி.

மார்ச் 22

விமானத்தில் தூக்கம் வரவில்லை. யோசித்துக்கொண்டே வந்தேன்.

அங்கேயெல்லாம் ஒழுக்கம் இருக்கிறது, நம் ஆட்கள் மாற மாட்டார்கள் — இஸ்திரி என்னை வழியனுப்பும்போது சொன்னது. அதையே அறிக்கையிலும் எதிர்பார்க்கிறார். நான் பார்த்தது அது இல்லை. ஒரு இடத்தில் ஆளின் உடம்பைக் கெடுத்தால் செலவு அதிகம், அதனால் மிஷின் வந்தது. இன்னொரு இடத்தில் ஆளைக் கேட்கவே வேண்டியதில்லை, அதனால் வந்தது. எங்கள் இடத்தில் ஆளைக் கெடுக்கவும் செலவில்லை, வேறு ஆள் கேட்டில் நிற்கிறான். மிஷின் எதற்கு வரும்?

அந்தச் சிவப்புத் தொப்பிக்காரிக்கும் தம்பிக்கும் வேலை ஒன்றுதான். மூச்சுக்கு மட்டும் விலை வேறு.

இதை அப்படியே எழுதப்போகிறேன். பூசி மெழுகுவதாக இல்லை.

ஏப்ரல் 15

எழுதியாகிவிட்டது. நுரையீரல் பற்றித் தனி அத்தியாயம். பூச்சுக் கூடத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் நின்ற எல்லோருக்கும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பரிந்துரை. மிஷினைப் படிப்படியாகக் கொண்டுவருவது, இப்போது பூசுகிறவர்களையே பழக்குவது, ஒருவரையும் வெளியே அனுப்பாமல் முடிப்பது — குளிர் ஆலை எப்படிச் செய்ததோ அப்படி.

தம்பியிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டான். "எழுத்துல நல்லாத்தான் இருக்கு" என்றான். அவனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

நிதிப் பிரிவிலிருந்து பென்சில் வந்தார். (காதில் சொருகிய பென்சிலை அவர் எடுத்து எழுதியதை நான் பார்த்ததில்லை.) மூன்று ஆலையிலும் ஒரு பேசினுக்குப் பூச்சுச் செலவு என்ன என்று ஒரு பட்டியல் சேர்க்கச் சொன்னார். அது இல்லாமல் மேலே யாரும் படிக்க மாட்டார்களாம். ஒப்பீடு என்று தலைப்பு வைத்துவிட்டுச் செலவை மறைத்தால் அது அறிக்கையா? சேர்த்தேன். எங்கள் கைப்பூச்சுதான் மூன்றிலும் மலிவு. வியாதிக்கான செலவு இதில் இல்லை என்று அடியில் ஒரு வரியும் போட்டிருக்கிறேன்.

மே 8

தலைமை அலுவலகத்தில் அறிக்கையை விளக்கினேன். நீள மேசை, நிறைய தண்ணீர் பாட்டில்கள். நடுவில் ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை. நுரையீரல் படத்தைத் திரையில் காட்டியபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார். இவ்வளவு நேர்மையான அறிக்கையை இந்த நிறுவனத்தில் பார்த்ததில்லை என்றார். இஸ்திரி என் பக்கத்தில் நின்று ஏதோ தானே பெற்று வளர்த்தவர் மாதிரிச் சிரித்தார்.

மே 9

மிஷின் வரும். வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 17

தம்பி என் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் மாடி. பால்கனியிலிருந்து அவன் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னடா அங்கேயே என்றால், முக்கியமான மெசேஜாம்.

போன் திரை கறுப்பாக இருந்தது.

ஜூலை 2

கெஞ்சி, திட்டி, கடைசியில் அழுது, வெளி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கம்பெனி டாக்டர் இத்தனை நாளும் ஒவ்வாமை என்று எழுதிக்கொண்டிருந்தார். இவர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, கல் உடைக்கிற வேலையா என்பதுதான்.

இரண்டு பக்கமும் தழும்பு. ஆறாது. தூசியைவிட்டு விலகினால் வேகமாகக் கூடாமல் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

வெளியே வந்து ஜூஸ் குடித்தோம். தம்பி ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, அந்த மிஷின் அப்பவே வந்திருந்தா நான் வேலையில்லாம, நல்லா மூச்சு விட்டுட்டு உக்காந்திருப்பேன்ல."

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 3

யாரிடமும் சொல்லக் கூடாதாம். மனைவியிடமும். மிஷின் வரும்வரை பொறுத்துக்கொள்கிறேன், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்கிறான். மிஷின் வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசினவன்.

நான்தான் அந்த நாற்காலியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20

முடிவு வந்துவிட்டது.

குளிர் ஆலையின் பூச்சுக் கூடத்தை மூடுகிறார்கள். அதன் ஆர்டர் எல்லாம் இங்கே வருகிறது. மிஷின் வரவில்லை. ஆர்டர் வருகிறது! பின்பக்கக் காலி இடத்தில் புதிதாக இன்னொரு பூச்சுக் கூடம் கட்டப்போகிறார்கள். கைப்பூச்சு. நூறு பேருக்கு மேல் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்.

மூன்று ஆலையில் எங்கள் கைப்பூச்சுதான் மலிவு. என் பட்டியல்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கைதட்டினார்கள் — எனக்காக. யாரோ என் தட்டில் இன்னொரு இனிப்பை வைத்தார்கள். தம்பி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கைதட்டினான். அவனுக்குச் சந்தோஷமா, என்னைக் கேலி செய்கிறானா, தெரியவில்லை. இணைச் செயலாளர் கைதட்டாமல் இருக்க முடியுமா?

என்னத்த எழுதினேன் நான்? என்னத்த எழுதிக் கிழிச்சேன்? போயிப் பாத்து, அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு வந்து, அவ வேலைக்கே உலை வச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 21

இஸ்திரியிடம் போனேன். அறிக்கையில் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை ஒன்றுதான் சொல்லியிருந்தேன், மிஷின் இங்கே வர வேண்டும் என்று. அதை வைத்து எப்படி இந்த முடிவு என்று கேட்டேன். கோபப்படவே இல்லை அவர். தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க உண்மையைத்தானே எழுதினீங்க. அவங்க உண்மையத்தான் படிச்சாங்க. எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு நீங்க சொல்ல முடியாதும்மா."

புதுக் கூடத்துக்கு என்னையே பொறுப்பாகப் போடப்போகிறார்களாம். ஸ்கேன் பரிந்துரையையும் தலைவர் ஏற்றுக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

செப்டம்பர் 5

சிவப்புத் தொப்பியிடமிருந்து போனில் ஒரு செய்தி. மொழிமாற்றச் செயலியில் போட்டு அனுப்பியிருக்கிறாள், தமிழ் கோணல்மாணலாக வந்திருக்கிறது. இயந்திரக் கைகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். தனக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. கடைசி வரி: "உன் சகோதரன் இப்போது நாற்காலியில் உள்ளாரா?"

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. கழற்றிய கைகள் இங்கே வருகின்றன என்று நினைத்திருக்கிறாள். தன் வேலை போனாலும், போனில் பார்த்த அந்த வெள்ளை மனிதனுக்காவது விடிந்தது என்று.

இல்லை என்று எழுதி அழித்தேன். ஆமாம் என்று எழுதி அதையும் அழித்தேன். இன்னும் பதில் போடவில்லை.

செப்டம்பர் 18

பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். வேண்டாம் என்று எழுந்து வருவதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. உள்ளே இருந்தால் காற்று உறிஞ்சியாவது நல்லதாகப் போடவைக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பறக்கும் தூசியைப் பிடிக்கத் தண்ணீர்த் திரை வைத்த பூத் (ஆள் நின்று பூசுகிற தடுப்பு) வேண்டும் என்றேன். எல்லாப் பூத்துக்கும் கேட்டேன், பாதிக்குக் கிடைத்தது. மீதிப் பாதியில் யாரை நிறுத்துவது என்று நான் முடிவுசெய்ய வேண்டும்.

நல்ல பதவிதான்.

அக்டோபர் 8

ஸ்கேன் ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்திட்டது. பூச்சுக் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை, கம்பெனி செலவில். சங்கத்துக்கு மாபெரும் வெற்றி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே இணைச் செயலாளராகத் தம்பியின் கையெழுத்தும்.

நீ எதுக்குடா போட்ட, உன் படம் எப்படி வரும்னு உனக்குத் தெரியாதா என்றேன். தழும்பு இருப்பவர்களுக்குத் தூசி இல்லாத வேலை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதாம். வாங்கிப் படித்தேன். இயன்றவரை கொடுக்கப்படும் என்று இருக்கிறது.

"இயன்றவரைன்னா குடுப்பாங்கன்னுதானேக்கா அர்த்தம்?"

இத்தனை வருஷம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினவன் கேட்கிறான் இதை. அவனுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

அக்டோபர் 30

பழைய கூடத்தில் இருபத்திரண்டு பேருக்குத் தழும்பு. தூசி இல்லாத வேலை ஐந்து பேருக்குத்தான் இயன்றதாம். மற்றவர்களை மருத்துவக் காரணத்தால் விடுவிக்கிறார்கள். நல்ல வார்த்தை, விடுவிப்பு. நன்றி சொல்லி ஒரு கடிதம், செட்டில்மென்ட். புதிய கூடத்தில் சுத்தமான படம் உள்ளவர்களை மட்டுமே எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

நுரையீரல் அத்தியாயமும் வீணாகவில்லை. ஒரு பக்கத்தை வைத்து வேலையைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கத்தை வைத்து ஆளை அனுப்புகிறார்கள். வரிக்கு வரி என் எழுத்து.

விடுவிப்புக் கடிதங்களில் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 31

விடிந்ததும் தம்பி வந்தான். மாடி ஏறி வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றான், இந்தத் தடவை போனை எடுக்கவில்லை.

மனைவிக்குச் சொல்லிவிட்டானாம். காபி கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"கையெழுத்தப் போட்டுடு அக்கா. நீ போடலேன்னா இஸ்திரி போடுவான். எனக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல. உன்னையும் அனுப்பிட்டா ரெண்டு வீட்டுக்கும் யாரு இருக்கா?"

ஸ்கேனுக்கு ஒப்புக்கொண்டவன் நீதானே என்று வாய்வரைக்கும் வந்தது. அறிக்கை எழுதியவள் நான்தானே என்று அவனுக்கும் வந்திருக்கும். இரண்டு பேருமே சொல்லவில்லை. அதற்கு மட்டும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

நவம்பர் 1

போட்டேன். பதினேழு கடிதம். அவனுடையதை முதலில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 19

தம்பி காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறான், மெதுவாக நடந்து. ஆலைப் பக்கம் போகிற தெருவில் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். சங்கத்தில் அவன் இடத்துக்கு வேறொருவரைப் போட்டாகிவிட்டது. வேலையில் இல்லாதவர் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது அவனே கொண்டுவந்த விதி.

டிசம்பர் 3

தம்பி மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புதிய கூடத்துக்குப் பெண்களையும் எடுக்கிறார்களாமே என்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். எக்ஸ்ரே. தானே போய்த் தன் செலவில் எடுத்திருக்கிறாள்.

"என் படம் சுத்தமா இருக்கு அண்ணி."

முடியவே முடியாது என்றேன். தையல் கடை, பேக்கிங் பிரிவு, எதுவானாலும் பார்த்துத் தருகிறேன், இது மட்டும் வேண்டாம் என்றேன். பேக்கிங்கில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கத்தினேன்கூட. என் வீட்டில் ஒரு ஆள் போதாதா என்றேன். அவள் படத்தை எடுத்து மடங்காமல் உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உங்க வீட்டு ஆளைத்தான் நீங்க பாக்கறீங்க. நான் அடுப்பப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 22

புதிய ஆட்களின் பட்டியல் இஸ்திரியிடமிருந்து வந்தது. தம்பி மனைவியை அவரே நேரில் பார்த்து எடுத்திருக்கிறார். பக்கத்தில் சிறிதாக எழுதியிருந்தார்: விடுவிக்கப்பட்டவர் குடும்பம், முன்னுரிமை. மனிதாபிமானம் உள்ளவர்தான்.

தண்ணீர்த் திரை உள்ள பூத்தில் அவளை நிறுத்தலாம். நிறுத்தினால் அந்த இடத்தில் நிற்க வேண்டிய வேறு யாரோ ஒருத்தி திரை இல்லாத பூத்துக்குப் போக வேண்டும். அவளுக்கும் ஒரு நாத்தனார் இருப்பாள்.

நிறுத்தினேன்.

ஜனவரி 6

புதுக் கூடம் ஓட ஆரம்பித்தது. முதல் ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு மாஸ்க் கொடுத்து, போட்டுக்கொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பொறுப்பாளர் வேலை. வரிசையாக நின்றார்கள். துணி எல்லாம் புதுசு, சுவர் புதுசு, காற்றில் இன்னும் எதுவும் இல்லை.

தம்பி மனைவியின் முறை வந்தது. மற்றவர்களுக்குச் சொன்னதையே சொன்னேன். மூக்குத் தண்டில் அழுத்த வேண்டும், தாடையில் இடைவெளி விடக் கூடாது, பேசுவதற்காகக் கீழே இறக்கக் கூடாது. பட்டையை இறுக்கக் கையை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் போய்த் தானே சரியாக இறுக்கிக்கொண்டாள்.

"வீட்ல அவர் சொல்லிக் குடுத்துட்டார், மேடம்."